பெறுபவர் கணக்கில் பற்று வை!

தமிழ் சினிமாவில் ஒரு காலத்தில் திருடன் என்றால் கட்டம் போட்ட லுங்கி, கோடு போட்ட பனியன், கழுத்தில் கைக்குட்டை. வீட்டு ஓட்டைப் பிரித்து இறங்குவான். அப்புறம் கோட்டும் சூட்டும் மாட்டிக்கொண்டு பேங்க் லாக்கருக்கு வந்தான். இப்போது அவன் எங்கேயும் வருவதில்லை. கண்ணாடிச் சுவர் வைத்த அறையில், ஏழெட்டு கம்ப்யூட்டர் திரைகளுக்கு நடுவே உட்கார்ந்து கீ-போர்டைத் தட்டுகிறான். அடுத்த விநாடி, இங்கே நம்ம ஊர் ஆள் ஒருத்தரின் அக்கவுண்ட்டில் பேலன்ஸ் பூஜ்யம்!

இந்த மூன்றாவது திருடனை நமக்கு அழுத்தமாக அறிமுகப்படுத்திய படம் 'இரும்புத்திரை'. 2018 மே மாதம் வெளியானது. பி.எஸ்.மித்ரனின் முதல் படம். விஷால் ராணுவ மேஜர், சமந்தா மனநல மருத்துவர், அர்ஜுன் வில்லன். ஆதார், டிஜிட்டல் இந்தியா பற்றிய காட்சிகளுக்கு எதிர்ப்புக்கூடக் கிளம்பியது. எதிர்ப்பு அடங்கிவிட்டது. படம் இன்னும் டி.வி.யில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இத்தனை வருஷம் கழித்து அந்தப் படத்தை எதற்கு இப்போது பிரித்து மேய வேண்டும்? காரணம் இருக்கிறது. சோழவரத்தில் ஆரம்பித்து காரனோடை, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி சிப்காட் வரைக்கும் ஜி.என்.டி. ரோடு நெடுக ஆன்லைன் மோசடி பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். வெல்டர், லாரி டிரைவர், ரிட்டயர்டு வாத்தியார் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். 'எல்லாத்தையும் ஹேக் பண்ணிடறாங்க சார். அவங்க மூளை வேற. நாம என்ன பண்ண முடியும்?'

இது 'இரும்புத்திரை' சொல்லிக்கொடுத்த பாடம். ஒரு படம் ஜனங்களின் பொது அறிவாகவே மாறிவிட்டால், அதற்குச் சும்மா மார்க் மட்டும் போட்டுவிட்டுப் போக முடியாது. பாடப்புத்தகத்தைத் திருத்துகிற மாதிரி உட்கார்ந்து திருத்தணும்.

முதலில் பாராட்டு. படத்தின் முதல் பாதி, நம்ம சினிமா இந்த விஷயத்தைப் பற்றிச் சொன்னதிலேயே உருப்படியானது. மேஜர் கதிரவனுக்குத் தங்கை கல்யாணம் நடந்தாகணும். அப்பா (டெல்லி கணேஷ்) கடன் வாங்கியே பழக்கப்பட்டவர். பேங்க்கில் முறைப்படி போனால் லோன் கிடைக்கவில்லை. ஒரு புரோக்கர் வருகிறார். பொய் டாகுமென்ட்டுகள் தயாராகின்றன. லோன் கிடைக்கிறது, பணம் அக்கவுண்ட்டில் விழுகிறது. அப்புறம் மொத்தமாகக் காணாமல் போகிறது.

போலீஸுக்குப் போகலாமே? அங்கேதான் கொக்கி! போனால் முதல் கேள்வியே, 'இந்த லோனை எப்படி வாங்கினே?' என்பதாக இருக்கும். பணத்தைப் பறிகொடுத்தவன் தானும் ஒரு சின்னத் தப்பு செய்திருக்கிறான். அதனால் வாயைத் திறக்க முடியாது. திருடனுக்கு இதைவிடப் பெரிய பூட்டு வேண்டுமா என்ன?

மித்ரன் தொட்ட இந்த இடம் நூற்றுக்கு நூறு நிஜம். மோசடி செய்பவனின் முக்கியமான ஆயுதம் கம்ப்யூட்டர் இல்லை, ஏமாந்தவரின் வெட்கம். பொண்டாட்டிக்குத் தெரியாமல் 'பார்ட் டைம் வேலை'யில் பணம் கட்டியவர், மகனுக்குத் தெரியாமல் ஷேர் டிப்ஸ் குரூப்பில் சேர்ந்த பெரியவர், வீடியோ காலில் அசிங்கமாகச் சிக்கிக்கொண்ட இளைஞன்... மூன்று பேருமே போலீஸுக்குப் பயப்படுவதைவிட வீட்டுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் கழிகிற ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம்.

இவ்வளவு அருமையான முடிச்சைப் போட்டுவிட்டு, இடைவேளைக்குப் பிறகு டைரக்டர் என்ன செய்கிறார்? அர்ஜுனைக் கூட்டிக்கொண்டு வருகிறார். 'ஒயிட் டெவில்' என்று பெயர். அவருக்குத் தெரியாத விஷயம் ஊரில் இல்லை. எந்த கேமராவுக்குள்ளும் நுழைவார், எந்த போனையும் திறப்பார். அர்ஜுன் அலட்டாமல் பிரமாதமாக நடித்திருக்கிறார், அதில் சந்தேகமே இல்லை. பிரச்னையும் அதுதான். வில்லன் அவ்வளவு பெரிய ஆளாகிவிட்டதால் ஜெயிப்பதற்கு ஒரு ராணுவ மேஜர் தேவைப்படுகிறார். மேஜருக்கும் சாத்தானுக்கும் நடக்கிற சண்டையில் பணத்தைப் பறிகொடுத்த சாதாரண ஜனங்கள் கூட்டத்தில் நிற்கிற ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுகள் ஆகிவிடுகிறார்கள்.

படம் முடிந்து வெளியே வருகிறவன் மனசில் இரண்டே எண்ணம்தான் தங்கும். ஒன்று, திருடன் கடவுள் மாதிரி எங்கும் இருக்கிறான். இரண்டு, நம்மைக் காப்பாற்ற ஒரு ஹீரோ வரணும். இரண்டுமே தப்பு. இரண்டுமே ஆளைக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வைக்கிற தப்பு.

★

நான் பி.காம். படித்தவன். சினிமா விமர்சனத்துக்கு அந்தப் படிப்பு உதவும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. ஆனால், கணக்குப்பதிவியலில் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற ஒரு விதி இந்தப் படத்தின் ஓட்டையைச் சட்டென்று காட்டிக்கொடுக்கும். ஆள்சார் கணக்கு விதி. பெறுபவர் கணக்கில் பற்று வை, தருபவர் கணக்கில் வரவு வை. ஒருத்தரிடமிருந்து பணம் போனால், இன்னொருத்தரிடம் அது வந்தே ஆகணும். காற்றில் கரைகிற பணம் என்று எந்தப் பேரேட்டிலும் கிடையாது.

'இரும்புத்திரை'யில் தருபவர் தெரிகிறார். இயக்குகிறவர் தெரிகிறார். பெறுபவர் எங்கே? அந்தப் பணம் யார் அக்கவுண்ட்டில் போய் விழுந்தது? படம் அந்தப் பக்கம் சரியாகத் திரும்பவே இல்லை. அங்கேதான் நிஜமான கதை இருக்கிறது. அந்தக் கதையில் நம்ம ஏரியாவுக்கும் ஒரு பாத்திரம் உண்டு.

திருடன் தன் சொந்த அக்கவுண்ட்டில் பணம் வாங்க மாட்டான். வாங்கினால் சாயங்காலமே பிடித்துவிடுவார்கள். அவனுக்கு வேறு யாருடைய பெயரிலாவது அக்கவுண்ட் வேண்டும். பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, அந்த அக்கவுண்ட்டோடு இணைத்த சிம் கார்டு மூன்றும் சேர்ந்தால் ஒரு 'செட்'. வாடகைக்குக் கொடுத்தால் சில ஆயிரங்கள் கிடைக்கும் என்று ஆசை காட்டுவார்கள். ஆங்கிலத்தில் 'மியூல்' என்கிறார்கள், கோவேறு கழுதை. மூட்டை யாருடையது என்று தெரியாமல் சுமக்கிற ஜீவன்.

தொழிற்பேட்டைகளில் இந்தக் கழுதையைத் தேடி அலையவே வேண்டாம். கான்ட்ராக்டில் வேலைக்குச் சேரும்போது சம்பள அக்கவுண்ட் ஒன்று திறப்பார்கள். ஆறு மாதத்தில் வேறு கம்பெனி, வேறு அக்கவுண்ட். பழையது அப்படியே கிடக்கும். கார்டு எங்கேயோ, சிம் எங்கேயோ. 'சும்மாதானே கிடக்குது, எங்கிட்ட குடு, மாசம் இவ்வளவு தர்றேன்' என்று ஒருவன் கேட்டால் அது பாவமாகவே தெரியாது. பழைய பேப்பரை எடைக்குப் போடுகிற மாதிரி கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. சென்னைக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது? பூண்டியிலிருந்து கால்வாயில் சோழவரம். சோழவரத்திலிருந்து புழல். புழலிலிருந்து நகரத்துக் குழாய். திருட்டுப் பணமும் அப்படித்தான். முதல் அக்கவுண்ட்டில் விழும், அங்கிருந்து நாலாகப் பிரிந்து அடுத்த அடுக்குக்குப் போகும், அப்புறம் அதற்கும் அடுத்த அடுக்கு, கடைசியில் ஏ.டி.எம்.மில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ வெளியே போய்விடும். நடுவில் மதகைத் திறந்துவிடுகிறவர் பெயர் மட்டும் ரிகார்டில் இருக்கும். மேலே இருக்கிறவன் தப்பித்துவிடுவான். அக்கவுண்ட்டை வாடகைக்கு விட்டவரும் சோழவரத்திலிருந்து புழலுக்குத்தான் போவார். ஆனால், ஏரிக்கு இல்லை!

இது மிரட்டல் இல்லை. 2024 டிசம்பரில் தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப்பிரிவு 'திரைநீக்கு' என்ற பெயரில் ஒரு நடவடிக்கை எடுத்து 76 பேரைக் கைது செய்தது. பெயரைக் கவனியுங்கள். 'இரும்புத்திரை'க்குப் பதில் சொல்கிற மாதிரியே இருக்கிறது! அந்தத் திரையை நீக்கியபோது பின்னால் ஒயிட் டெவில் இல்லை. அக்கவுண்ட் கொடுத்தவர்கள், அக்கவுண்ட் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட்டுகள், இப்படிப்பட்டவர்கள்தான் இருந்தார்கள்.

★

இன்னொரு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2014-ல் வந்த 'சதுரங்க வேட்டை'. ஹெச்.வினோத்தின் முதல் படம், நட்டி ஹீரோ. அதில் ஹேக்கிங் இல்லை, கண்ணாடி ரூம் இல்லை. மண்ணுளிப் பாம்பு, எம்.எல்.எம். கூட்டம், அரிசியை இழுக்கும் கோயில் கலசம் இவைதான் மோசடிகள். ஆனால், ஆன்லைன் மோசடி எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இந்தப் படத்தைத்தான்.

ஏன் என்றால், இதில் காந்தி பாபு என்கிற மோசடிக்காரன் யாருடைய பூட்டையும் உடைப்பதில்லை. பேசுகிறான். எதிராளி தானாகவே எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து பணத்தை எடுத்துக் கொடுக்கிறார். இன்றைக்கு போனில் நடப்பதும் பெரும்பாலும் இதேதான். ஓ.டி.பி.யை அவன் திருடவில்லை, நாம் படித்துச் சொல்கிறோம். ஆப்பை அவன் ஏற்றவில்லை, நாம் 'இன்ஸ்டால்' அமுக்குகிறோம். பேங்க்கின் இரும்புக் கதவு அப்படியே பத்திரமாக இருக்கிறது. சாவி நம் கையிலிருந்து போகிறது.

அப்படியானால் வினோத்துக்கு நூற்றுக்கு நூறா? இல்லை. அவர் படத்தின் கணக்கில் ஏமாறுகிறவன் பேராசைக்காரன். பாம்பு வாங்கினால் கோடீஸ்வரன் ஆகலாம் என்று நாக்கைத் தொங்கப்போட்டவன். அதனால் அவன் ஏமாறும்போது தியேட்டர் சிரிக்கிறது. 2014-க்கு அது சரியாக இருந்திருக்கலாம். இன்றைக்கு மோசடியின் தூண்டிலில் ஆசை மட்டும் இல்லை.

2024 ஆகஸ்ட் கடைசியில் லூதியானாவில் நடந்ததைப் பாருங்கள். வர்த்தமான் நூற்பாலைக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி.ஓஸ்வால். அப்போது வயது 82. பத்மபூஷண் வாங்கியவர். அவருக்கு இனிமேல் எதன் மேல் பேராசை? போனில் வந்தவர்கள் சி.பி.ஐ. என்றார்கள். ஒரு பண மோசடி வழக்கில் உங்கள் பெயர் இருக்கிறது என்றார்கள். வீடியோ காலில் ராத்திரி பகலாகக் கண்காணித்தார்கள். உச்ச நீதிமன்ற விசாரணை என்று ஒரு நாடகம் நடத்தி, தலைமை நீதிபதி பெயரில் ஓர் ஆளையே பேச வைத்தார்கள். 7 கோடி ரூபாய் போனது. அவர் தயங்காமல் புகார் கொடுத்தார், வெளியிலும் சொன்னார். அதனால்தான் 5 கோடிக்கும் மேல் திரும்பி வந்தது.

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று நம்ம நாட்டுச் சட்டத்தில் கிடையவே கிடையாது. 2024 அக்டோபர் 27-ம் தேதி ரேடியோ உரையில் பிரதமரே இதைச் சொன்னார். 2025 அக்டோபரில் ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த ஒரு வயதான தம்பதியின் புகாரை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்டது. டிசம்பரில் இந்த வழக்குகளை சி.பி.ஐ. விசாரிக்க உத்தரவிட்டது. நீதிமன்றத்தின் பெயரையே போலியாகப் பயன்படுத்தி ஜனங்களைப் பயமுறுத்தினால் நீதிமன்றம் வேறு என்ன செய்யும்?

இங்கே தூண்டில் பயம். கும்மிடிப்பூண்டியில் வேலை தேடுகிற பையனிடம் 'செக்யூரிட்டி டெபாசிட் கட்டினால் ஆர்டர் வரும்' என்பவன் வீசுவது மூன்றாவது தூண்டில், தேவை. நிஜமாகவே வேலை வேண்டும் என்பவனைப் பேராசைக்காரன் என்று சொல்வது அநியாயம். ஏமாந்தவனைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கத்தைச் சினிமா நமக்குக் கொடுத்திருக்கிறது. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் பாதிப் பேர் புகாரே கொடுப்பதில்லை. 2024-ல் இந்தியா முழுக்க சைபர் மோசடியில் போனதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன தொகை 22,845 கோடி ரூபாய். முந்தின வருஷம் 7,465 கோடி. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு! இது புகார் கொடுத்தவர்களின் கணக்கு. வெட்கப்பட்டுச் சும்மா இருந்தவர்களின் கணக்கு எந்தப் பேரேட்டிலும் இல்லை.

★

சரி, போனில் பேசுகிற அந்த ஆள் யார்? 2020-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'ஜம்தாரா' தொடர் ஒரு பதில் சொன்னது. ஜார்க்கண்டில் ஒரு சின்ன ஊர், பள்ளிக்கூடப் பையன்கள், மரத்தடியில் உட்கார்ந்து பேங்க் மேனேஜர் குரலில் பேசுகிறார்கள். ஹேக்கர் என்ற சாத்தானை மனுஷனாக்கியதற்கு அந்தத் தொடருக்கு நன்றி. ஆனால், அதனால் ஒரு கெட்ட பழக்கமும் வந்தது. நம்ம பக்கம் ஃபவுண்டரியிலும் ரோலிங் மில்லிலும் வியர்வை சிந்துகிற ஜார்க்கண்ட் தொழிலாளியைப் பார்த்து 'ஜம்தாராவா?' என்று கிண்டல் அடிப்பது. அவரும் மோசடியில் பணத்தைப் பறிகொடுப்பவர்தான். சொல்லப்போனால் அவருக்கு ஆபத்து அதிகம். பேங்க் சுவரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்டியிருக்கிற எச்சரிக்கை நோட்டீஸை அவரால் படிக்க முடியாதே!

இன்னொரு பதில் இதைவிடக் கசப்பானது. 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்ப் பையன்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கடத்திப்போய், பூட்டிவைத்து, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடித்தார்கள். அந்த வருஷம் அக்டோபரில் மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னைக்கு வந்து இறங்கினார்கள். அங்கே ஷிஃப்ட் உண்டு, டார்கெட் உண்டு, சூப்பர்வைசர் உண்டு. டார்கெட் முடிக்காவிட்டால் கரண்ட் ஷாக். அது ஒரு தொழிற்சாலை. நம்ம சிப்காட்டில் இரும்புக் கம்பி உருவாகிற மாதிரி அங்கே பொய் உருவாகிறது. உங்களிடம் இனிக்க இனிக்கப் பேசுகிறவன் ஒயிட் டெவில் இல்லை. பின்னால் யாரோ தடியோடு நிற்க, ஸ்கிரிப்ட்டைப் பார்த்துப் படிக்கிற பட்டதாரியாகவும் இருக்கலாம். இதைப் படமாக எடுத்தால், அதுதான் 'இரும்புத்திரை'யின் சரியான இரண்டாம் பாகம்.

★

சினிமாவை இவ்வளவு திட்டிவிட்டு அரசாங்கத்தையும் பேங்க்குகளையும் விட்டால் எப்படி? அவர்களும் ஒரு படம் ஓட்டுகிறார்கள். 'ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்ற படம். எஸ்.எம்.எஸ்.ஸில் வரும், ஏ.டி.எம். கதவில் இருக்கும், கொஞ்ச நாள் போன் போட்டால் மணி அடிப்பதற்கு முன்னாலேயே எச்சரிக்கைக் குரல் வந்தது.

வாசகம் சரிதான். ஆனால், ஒரு சாதாரண அம்மாவின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ் சிலிண்டர் போடுகிறவர், 'போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கம்மா' என்கிறார். பார்சல் கொண்டு வருகிறவரும் நம்பர் கேட்கிறார். ஆட்டோ ஏறினால் நம்பர். துணிக்கடை பில் கவுண்ட்டரில் போன் நம்பர். 'சொல்லு, சொல்லு' என்று நாளெல்லாம் பழக்கிவிட்டு, ஒரே ஒரு போனில் மட்டும் 'சொல்லாதே' என்றால் எந்த நம்பரைச் சொல்லணும், எதைச் சொல்லக்கூடாது என்று அவர் எப்படிப் பிரிப்பார்? அதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரே ஒரு வரி கூடச் சேர்த்திருந்தால் போதும். 'வாசலில் நிற்கிறவரிடம், நீங்கள் கேட்ட பொருளைக் கையில் வாங்கும்போது சொல்லலாம். போனில் கேட்கிறவரிடம் சொல்லக்கூடாது. மெசேஜில் எதற்கான நம்பர் என்று முதலில் படியுங்கள்.' அவ்வளவுதானே?

ஆதார் விஷயம் இன்னும் வேடிக்கை. 2022 மே 27-ம் தேதி, ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், 'ஆதார் ஜெராக்ஸைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுங்கள்' என்று அறிவித்தது. இரண்டே நாளில், 'தப்பாகப் புரிந்துகொள்ளப்படலாம்' என்று சொல்லி மத்திய அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. நல்ல அறிவுரை ஒன்று வந்த வேகத்தில் போய்விட்டது!

இதற்குள் உங்கள் ஆதார் ஜெராக்ஸ் எங்கெல்லாம் இருக்கிறது? கான்ட்ராக்டர் ஆபீஸ் ஃபைலில், சிம் கார்டு கடையில், லாட்ஜ் ரிஜிஸ்டரில், வாடகை வீட்டுக்காரரிடம், ஜெராக்ஸ் கடைக் குப்பைக்கூடையில், வாட்ஸ்அப்பில் அனுப்பிய அத்தனை பேர் போனிலும். 2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோன், தன் பான் எண்ணில் யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கிவிட்டதாகச் சொன்னார். ஏப்ரலில் நடிகர் ராஜ்குமார் ராவ், தன் பெயரில் 2,500 ரூபாய் என்றார். நட்சத்திரங்களுக்கே இந்தக் கதி. அவர்கள் ஒரு வரி எழுதினால் நாடே படிக்கும். கூலி வேலை செய்கிறவர் பெயரில் யாரோ கம்பெனி நடத்தி, அவருக்குக் கோடிக்கணக்கில் வரி பாக்கி என்று நோட்டீஸ் வந்தால் அவர் எங்கே போய் எழுதுவார்? பெயர் திருட்டு, பணத் திருட்டைவிடக் கொடுமை. பணம் போனால் அன்றைக்கே தெரியும். பெயர் போனது நோட்டீஸ் வரும்வரை தெரியாது.

★

விமர்சனம் எழுதுகிறவன் குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. எந்தப் படமும் காட்டாத காட்சிகளை நான் சொல்லிவிடுகிறேன்.

ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தே ஆகணும் என்றால் அதன் குறுக்கே 'இன்ன கம்பெனி வேலைக்காக மட்டும்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மறைத்த ஆதாரை ஆணையத்தின் இணையதளத்திலேயே எடுக்கலாம். கைரேகையை வைத்துப் பணம் எடுக்கிற மோசடியும் இருக்கிறது, அதனால் ஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கிற வசதியைப் பயன்படுத்துங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை, 2023-ல் தொலைத்தொடர்புத் துறை ஆரம்பித்த 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். உங்களுடையது இல்லாததை அங்கேயே புகார் செய்யலாம். வருஷத்துக்கு ஒரு முறை உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை இலவசமாகத் தரணும் என்பது 2016-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. வாங்கிப் பாருங்கள். நீங்கள் வாங்காத கடன் அதில் இருந்தால் அன்றைக்கே எழுதுங்கள்.

வேலை மாறும்போது பழைய சம்பள அக்கவுண்ட்டை எழுதிக் கொடுத்து மூடிவிடுங்கள். கார்டை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், சூப்பர்வைசர் அண்ணனாகவே இருந்தாலும் சரி. யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. 'பணம் அனுப்பறேன், பின் நம்பர் போடுங்க' என்று ஒருவன் சொன்னால் அவன் அனுப்பவில்லை, எடுக்கிறான். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் ஃபைன் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வருகிற ஆப் ஃபைலைத் தொடவே தொடாதீர்கள்.

அதையும் மீறிப் பணம் போய்விட்டதா? 1930. அந்த நம்பருக்கு உடனே போன் பண்ணுங்கள். மறுநாள் வேண்டாம், சாப்பிட்டுவிட்டு வந்து வேண்டாம், அந்த நிமிஷமே. நீங்கள் சொல்கிற விவரத்தை வைத்து, பணம் எந்த அக்கவுண்ட்டுக்குப் போனதோ அந்த பேங்க்குக்குத் தகவல் போகும். பணம் பூண்டியில் இருக்கும்போதே மதகை அடைத்துவிட்டால் சோழவரத்துக்கு வராது. நகரத்துக் குழாயில் இறங்கிய பிறகு பிடிக்க முடியாது. பெறுபவர் கணக்கைத் துரத்து என்கிற அந்த முதல் வாரப் பாடம்தான், அரசாங்கம் இதில் செய்த உருப்படியான காரியம்.

கூடவே பேங்க்குக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, அத்தாட்சி வாங்கி வையுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவின்படி, நீங்களும் பேங்க்கும் தப்புச் செய்யாமல் வேறு யாரோ பணத்தை எடுத்திருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால் நஷ்டம் உங்களுடையது அல்ல. உங்கள் மேல் தப்பு என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் பேங்க்தான். ஆனால், ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கிற வரைக்கும் போன பணம் உங்கள் பொறுப்பு. அப்போதும் புகார் கொடுத்த பிறகு போவது பேங்க்கின் பொறுப்பு. எப்படிப் பார்த்தாலும் சீக்கிரம் சொல்கிறவருக்குத்தான் சாதகம்.

சோழவரத்தில் ஒரு காலத்தில், உலக யுத்த சமயத்து விமான ஓடுதளத்தில் கார் ரேஸும் பைக் ரேஸும் நடக்கும். மெட்ராஸே திரண்டு வரும். இருங்காட்டுக்கோட்டையில் புதுப் பாதை வந்த பிறகு அதெல்லாம் நின்றுபோச்சு. இந்த விஷயத்திலும் நடப்பது ரேஸ்தான். அவன் உங்களை அவசரப்படுத்துகிற வரைக்கும் நீங்கள் நிதானமாக இருக்கணும். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து நீங்கள்தான் அவனைவிட வேகமாக ஓடணும். நம்மில் பல பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

இதற்கு மேஜர் கதிரவன் வேண்டாம். இன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்காரும்போது வீட்டில் எல்லோர் போனிலும் 1930-ஐப் பதிந்து வையுங்கள். அப்பாவிடம், அம்மாவிடம், பையனிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். 'எவ்வளவு பணம் போனாலும் சரி, எதனால போனாலும் சரி, உடனே எங்கிட்ட சொல்லு. நான் திட்ட மாட்டேன்.'

சொன்னபடி திட்டாமல் இருக்கணும். கஷ்டமான பகுதி அதுதான்.